கண்மாய்க்கரையில் தொடங்கும் ஆய்வு: மதுரைக் கல்லூரி மாணவர்களுக்கு

காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர், ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டாண்டுகள் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. இந்த நேரத்தில் பெரும்பகுதி சீமைக்கருவேலம் வெட்டுவதில் கழிய, அதே மாணவர் இறுதியாண்டில் ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கிடைக்காமல் அல்லாடுவதைக் காண எனக்கு வருத்தமாக இருக்கிறது. சேவையையும் ஆய்வையும் ஒரே ஊரில், ஒரே கண்மாயில் இணைத்துக்கொள்ள முடியும்.

முதலில் ஒரே ஊரைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டும் அங்கேயே செல்லுங்கள். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் மேலூர்ப் பக்கம் என்றால், கால்வாயில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு ஏன் எட்டவில்லை என்பது ஊரார் கேட்கும் கேள்வியாக இருக்கும். மழையை மட்டுமே நம்பிய கண்மாய் என்றால், அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டது என்பதே கேள்வி. ஊர் கேட்பதையே ஆய்வுக் கேள்வியாக்குங்கள்.

கேள்வித்தாளோடு போய் இறங்காதீர்கள். ஒருமுறை எங்கள் மாணவர்கள் நாற்பது கேள்விகளைத் தயாரித்துச் சென்றார்கள். நீர்ப்பாய்ச்சும் பெரியவர் மூன்றாவது கேள்வியிலேயே எழுந்துவிட்டார். மறுநாள் அவருடன் கரைமேல் நடந்தபோது, மிகுதி நீர் வழிந்தோடும் கலுங்கின் கல்லில் கைத்தடியை ஊன்றி, எந்த அளவுக்குத் தண்ணீர் ஏறினால் மறுகால் பாயும், எந்த மடையை முதலில் திறப்பார்கள் என்று அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை மாலையில், அவர்கள் வீடு திரும்பிய பிறகு சந்தியுங்கள். பெயரை எழுதவோ படம் எடுக்கவோ அனுமதி கேளுங்கள். தூர்வாரித் தருவோம் என்பது போன்ற வாக்குறுதி எதையும் தராதீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் வரத்துக்காலை முழுவதும் நடந்து, அடைப்புள்ள இடங்களைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்; மழை ஓய்ந்த பிறகு அதே இடங்களை மீண்டும் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தோடு உங்கள் குறிப்புகளை ஒப்பிட்டால், கால்வாய் எங்கே சுருங்கியது என்பது தெரியவரும். ஆவணம் கிடைக்காவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பியுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

உயிரியல் மாணவர்களுக்கு, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி பக்கத்திலேயே இருக்கிறது. கண்மாய்ச் சீரமைப்பில் அனுபவமுள்ள தானம் அறக்கட்டளை மதுரையில் இயங்குகிறது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்கு நிதியுதவி செய்கிறது. அதன் அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வசதியாக, வழிகாட்டிப் பேராசிரியரிடம் பேசி இரண்டு பக்கத் திட்ட வரைவை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

ஆய்வேட்டைக் கல்லூரியில் ஒப்படைக்குமுன், கண்டறிந்தவற்றை ஊர் மந்தையில் எளிய தமிழில் வாசித்துக் காட்டுங்கள். மடையின் பெயரைத் தவறாக எழுதியிருந்தால் அங்கே உடனே திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களைச் சேர்த்த பிறகு, வரைபடத்தின் ஒரு படியை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.