‘ஷ்டெஹன்’ என்னும் ஜெர்மன் வினைக்கு ஆங்கிலச் சொல் தேர்வது எப்படி?

கூரிய முனை ஒன்று எதற்குள்ளேனும் இறங்குவதைக் குறிக்கும் ஜெர்மன் வினை ‘ஷ்டெஹன்’ (stechen). இருமொழி அகராதிகள் இதற்கு முதலில் தருவன ‘ஸ்டிங்’, ‘பிரிக்’, ‘ஸ்டேப்’ போன்ற சொற்களே. வயலையும் சதுப்பு நிலத்தையும் பற்றிய வாக்கியங்களில் இவற்றுள் ஒன்றும் பொருந்துவதில்லை. ஆதலால் செயப்படுபொருள் எது என்று கண்ட பிறகே வினைக்கு ஆங்கிலச் சொல் தேட வேண்டும்.

அதற்கும் முன்னதாக, கையில் இருப்பது இந்த வினைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ‘நிற்றல்’ என்று பொருள்படும் வினை (stehen) எழுத்தில் ஒரே ஒரு ‘சி’ குறைந்து வரும். ‘ஷ்டாஹ்’, ‘கெஷ்டோஹன்’ என்னும் இறந்தகால வடிவங்களைக் கண்டால் ஐயம் தேவையில்லை.

‘ஷ்பார்கெல்’, அதாவது ஆஸ்பராகஸ் என்னும் தண்டுக் காய்கறி, செயப்படுபொருளாக வரும் இடமே மிகுந்த கவனம் வேண்டுவது. வெள்ளை ஆஸ்பராகஸ் வெயில் படாதபடி உயர்த்திய மண்வரப்புக்குள் வளர்கிறது. நுனி மண்ணைக் கீறி மேலே தெரிந்ததும், தொழிலாளி விரல்களால் பக்கத்து மண்ணைத் தோண்டி, நீண்ட கத்தியை உள்ளே செலுத்தித் தண்டை அடியில் அறுத்தெடுத்து, குழியை மீண்டும் மூடுகிறார். தோண்டல், அறுத்தல், அறுவடை ஆகிய மூன்றும் இந்த ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்திலோ ஒன்றைத்தான் தேர முடியும். கைவேலையை விவரிக்கும் வாக்கியமானால் ‘கட்’ என்பதே சரி. பருவம், கூலி, விளைச்சல் ஆகியவை பேசப்பட்டால் ‘ஹார்வெஸ்ட்’ பொருந்தும். வழக்கப்படி ஜூன் 24 ஆம் நாளோடு இந்தப் பயிரின் பருவம் முடிகிறது என்னும் செய்தியில் ‘கட்’ என்று எழுதுவது பிழையன்று, ஆயினும் ‘ஹார்வெஸ்ட்’டையே நான் விரும்புவேன்.

‘டோர்ஃப்’ என்னும் சதுப்பு நிலக்கரி (ஆங்கிலத்தில் ‘பீட்’) வந்தால் ‘கட்’ அல்லது ‘டிக்’ என்று எழுதலாம். மண்வாரியால் கட்டிகளாக வெட்டியெடுக்கும் பழைய வேலைக்கு ‘கட்’ என்பதே வேரூன்றிய வழக்கு. இயந்திரத்தால் சுரண்டித் திரட்டுவதை ஆங்கிலத்தில் ‘ஹார்வெஸ்ட்’ என்பர், ஆனால் ஜெர்மனில் அதற்கு ‘ஷ்டெஹன்’ இயல்பாக வராது. புல்தரையைப் பாளமாக எடுத்தாலும் ‘கட்’தான்.

முன்னொட்டைப் பார்க்க மறவாதீர்கள். ‘உம்’ சேர்ந்தால் தோட்ட மண்ணைக் கொத்திப் புரட்டுதல், ஆங்கிலத்தில் ‘டிக் ஓவர்’. ‘அவுஸ்’ சேர்ந்து பிஸ்கட் மாவு செயப்படுபொருளானால் ‘கட் அவுட்’. செப்புத் தகட்டில் உருவம் செதுக்குவதற்கும் இதே வினைதான் வழங்குகிறது. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் பற்றிய கட்டுரைகளில் அதற்கு ‘என்கிரேவ்’ என்பதைத் தவிர வேறு சொல் கூடாது.

பூச்சி எழுவாயாக வந்தால் தமிழ் வழக்கே நமக்குக் கைகொடுக்கும். ஜெர்மனில் தேனீக்கும் கொசுவுக்கும் வினை ஒன்றே. நாம் கொட்டும் என்று சொல்லும் தேனீக்கு ‘ஸ்டிங்’ என்றும், கடிக்கும் என்று சொல்லும் கொசுவுக்கு ‘பைட்’ என்றும் எழுதுங்கள்.