ஐட்லிங்கில் திணறும் பழைய டீசல் வேன்

என் வேன் 1997 மாடல் டீசல் வண்டி. சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறி இறங்கி, பொசுக்கென்று அணைந்துவிடும். எல்லோரையும் போல நானும் முதலில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை அமைக்கிற ஐட்லிங் ஸ்குரூவைத்தான் திருகினேன். சத்தம் கூடியது, கோளாறு போகவில்லை.

கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டி என்றால் முதலில் டீசல் லைனில் காற்று இருக்கிறதா பாருங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டேங்கிலிருந்து வரும் ஹோஸின் நடுவே, டீசல் தாங்குகிற, உள்ளே தெரிகிற டியூப் ஒரு சாண் மாட்டி இன்ஜினை ஓடவிட்டால் குமிழி கண்ணுக்கே தெரியும். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் பக்கம் இந்த வேலை வேண்டவே வேண்டாம். அங்கே அழுத்தம் ஆளைக் கிழிக்கும். என் வண்டியில் வெடித்த ஹோஸும் தளர்ந்த கிளிப்பும்தான் காரணம்.

அதை மாற்றியதும் இன்ஜினை அணைத்து, டீசல் ஃபில்டர் மேலுள்ள, காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை கைப்பம்பை அமுக்குங்கள். அமுக்கியபடியே ஸ்குரூவை இறுக்குங்கள். கீழே பழைய டப்பா ஒன்று வைத்தால் வீட்டில் திட்டு மிச்சம். ஃபில்டர் அடைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

ஐட்லிங் ஸ்குரூ கடைசியில்தான், அதுவும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு. ஸ்குரூ நகராமல் பிடிக்கிற லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகிப் பாருங்கள். மேனுவலில் உள்ள ஆர்பிஎம் வந்ததும் நட்டை இறுக்குங்கள். சீல் வைத்த மேக்ஸிமம் ஸ்பீடு ஸ்குரூ பக்கம் கையே போகக் கூடாது.