கணக்கை வாய்விட்டுப் படித்தோம்

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் 15 பேர். இரண்டாம் வருடம் பாதிப் பேர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். பணம் ஒரு பைசாகூடக் குறையவில்லை. ஆனால் கணக்கு நோட்டு, குழுவை நடத்தும் ஊக்குநரான என் வீட்டு பீரோவிலேயே கிடந்தது. "உள்ளே என்ன எழுதியிருக்கோ, யாருக்குத் தெரியும்?" என்று ஒரு அக்கா நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி.

அப்புறம் வாரம் ஒருவர் எழுதினோம். எழுதியதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தோம். எழுத்துத் தெரியாதவர்கள் ரூபாய் நோட்டுகளைப் பாயில் பரப்பி எண்ணிச் சொன்னார்கள். பணப்பெட்டிச் சாவி வேறொருவரிடம் போனது.

வங்கியில் கடனுக்கு முன் கூட்டம், சேமிப்பு, உள்கடன் (உறுப்பினர்களுக்குள் கொடுக்கும் கடன்), திருப்பிச் செலுத்துதல், பதிவேடு என ஐந்தையும் பார்ப்பார்கள். ஐந்தும் சரியாக இருந்தன. முதல் கடனில் அந்த அக்கா கறவை மாடு வாங்கினார்.