சாண்ட்பாக்ஸ் வரப்பில் நண்டு வளை: பிரவுசருக்கும் மெயிலுக்கும் பாதுகாப்புப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீடாமங்கலத்தில் என் மாமா உரக்கடை வைத்திருக்கிறார். கம்பெனி பில், விலைப்பட்டியல், ஆடிட்டர் அனுப்பும் ஜிஎஸ்டி கணக்கு எல்லாமே அவருக்கு மெயிலில்தான் வரும். உர பில் என்ற பெயரில் வந்த ஒரு ஃபைலைத் திறக்கப் போய் ஒரு தடவை அவருடைய கம்ப்யூட்டரே படுத்துவிட்டது. அதைச் சரிசெய்து கொடுத்த கையோடு புரோகிராம்களைத் தனிப் பெட்டிக்குள் (சாண்ட்பாக்ஸ்) அடைத்து ஓட்டும் சாண்ட்பாக்ஸி பிளஸ் என்ற மென்பொருளைப் போட்டு, அவருடைய மெயில் புரோகிராமான தண்டர்பேர்டு அதற்குள்ளேயே ஓடும்படி வைத்து, எல்லாவற்றையும் மூடியதும் பெட்டி தானாகக் காலியாகட்டும் என்று அங்கேயும் ஒரு டிக் போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இரண்டாம் நாள் காலையில் போன்.

“மாப்ளே, நேத்து வந்த பில்லு ஒண்ணையும் காணோமேடா. படிச்சேன், இன்னிக்குப் பிரிண்ட் எடுக்கலாம்னு விட்டேன், இப்ப தொறந்தா சுத்தமா ஒண்ணுமில்ல.”

நடந்தது இதுதான். மாமாவின் கணக்கு பழைய பாப் முறையில் இருந்தது. மெயிலை இறக்கியதும் சர்வரில் ஒரு பிரதி இருக்கட்டும் என்று சொல்லும் டிக் அதில் இல்லை. அதனால் தண்டர்பேர்டு மெயிலை இறக்கிக்கொண்டது, சர்வர் தன் பக்கம் அழித்துவிட்டது, இறங்கிய மெயில் சாண்ட்பாக்ஸுக்குள் இருந்த பிரதியில் மட்டும் உட்கார்ந்திருந்தது, ராத்திரி கடையைச் சாத்தும்போது தண்டர்பேர்டை மூடினார், பெட்டி காலியானது. மென்பொருள் சொன்னதைச் சொன்னபடி செய்தது. தவறு முழுக்க என் அமைப்பில்தான். ஒவ்வொரு கம்பெனிக்கும் போன் போட்டு பில்லைத் திரும்ப அனுப்பச் சொல்லி வாங்க அவருக்கு முழுசாக ஒரு நாள் போனது, அதுவும் சம்பாவுக்கு அடியுரம் வாங்க ஆட்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில்.

சாண்ட்பாக்ஸ் என்ன செய்கிறது என்று முதலில் ஒரு வரியில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எந்த டிக் எதற்கு என்பது தானே விளங்கும். உள்ளே ஓடும் புரோகிராம் எதை எழுதினாலும், மாற்றினாலும், அழித்தாலும் அது உங்கள் நிஜ டிஸ்க்கில் நடக்காது, சி டிரைவில் சாண்ட்பாக்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உள்ள பிரதியில் நடக்கும். பெட்டியைக் காலி செய்தால் வைரஸும் போகும், வைத்துக்கொள்ள நினைத்ததும் போகும். எது போகக் கூடாதோ அதற்கு மட்டும் ஒரு மடை வெட்ட வேண்டும். எந்த மடையை எவ்வளவு அகலத்துக்கு வெட்டுவது என்பதில்தான் பாதுகாப்பு முழுக்க இருக்கிறது.

மெயிலுக்கு அந்த மடை ஏற்கெனவே தயாராக இருக்கிறது. பெட்டியின் மேல் வலது கிளிக் செய்து ஆப்ஷன்ஸுக்குள் போனால் ஆப் டெம்ப்ளேட்ஸ் என்ற பக்கத்தில் மெயில் புரோகிராம்களின் பட்டியல் வரும். நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்களோ அதை மட்டும் டிக் செய்தால் போதும், மெயில் இருக்கும் ஃபோல்டர் நேரடியாக எழுதப்படும், மற்றதெல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். வாய்ப்பிருந்தால் கணக்கையே ஐமேப் முறைக்கு மாற்றிவிடுங்கள். மெயில் சர்வரிலேயே இருக்கும், பெட்டி காலியானாலும் கவலையில்லை. மாமாவுக்கு இரண்டையும் செய்தேன்.

ஒரு தடவை இப்படி மெயில் போய்விட்டால் அடுத்துப் பலர் செய்வது இதைவிட மோசம். பயத்தில் யூசர் ஃபோல்டர் முழுவதையும், சிலர் சி டிரைவையே, நேரடி அனுமதிப் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். இனி எதுவும் தொலையாது என்பது உண்மைதான். ஆனால் வருகிற வைரஸும் நேராக டிஸ்க்கில் போய் உட்காரும். வயல்காரர்களுக்குத் தெரியும், வரப்பு எவ்வளவு உயரமாக இருந்தாலும் நண்டு வளை ஒன்று போதும், ராத்திரி கட்டிய தண்ணீர் விடிந்தால் பக்கத்து வயலில் நிற்கும். இவர்கள் வளையை விடவில்லை, வரப்பையே வெட்டிவிட்டு மேலே பெயர்ப்பலகை மட்டும் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் ஓரத்தில் சாண்ட்பாக்ஸி போடும் மஞ்சள் கோடு தெரிகிறதே என்று நம்பி எதை வேண்டுமானாலும் கிளிக் செய்வார்கள், அதனால் சாண்ட்பாக்ஸ் இல்லாத ஆளைவிட இவர்களுக்கு ஆபத்து அதிகம்.

பிரவுசரிலும் இதே கதைதான். பயர்பாக்ஸுக்கு புக்மார்க், ஹிஸ்டரி மட்டும் தங்கட்டும் என்று ஒரு டிக் உண்டு, புரொஃபைல் ஃபோல்டர் முழுவதும் தங்கட்டும் என்று இன்னொன்றும் உண்டு. இரண்டாவதைப் போட்டால் ஏதோ ஒரு பக்கம் ஏமாற்றி உள்ளே நுழைக்கும் எக்ஸ்டென்ஷனும் சேர்ந்து தங்கிவிடும், நாளைக்கு சாண்ட்பாக்ஸுக்கு வெளியே பயர்பாக்ஸைத் திறந்தாலும் அது இருக்கும். முதல் டிக் போதும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். ஊரில் நான் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் செய்து தரும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். நவம்பரில் சம்பா பயிர்க் காப்பீட்டுக் கெடு நெருங்கும்போது கடை வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அனுப்புவார்கள், மெயிலில், வாட்ஸ்அப்பில், பென்டிரைவில், பையன் படிக்கும் காலேஜ் மெயிலிலிருந்து ஃபார்வர்டு செய்து. பிரவுசர் சாண்ட்பாக்ஸுக்குள்தான் இருக்கும். ஆனால் ஃபைல் இறங்கியதுமே ஒரு சின்ன ஜன்னல் எழும்பி, இதை வெளியே எடுத்து வைக்கட்டுமா என்று கேட்கும். வரிசையில் ஆள் நிற்க நிற்க, கை தானாக ‘ஆம்’ அழுத்தும். அடுத்த நொடியே வெளியே வந்த ஃபைலை டபுள் கிளிக் செய்வோம். அந்த நிமிடத்தில் சாண்ட்பாக்ஸ் இருந்தும் இல்லாததுதான். வெளியே வந்த ஃபைலுக்கு எந்த வேலியும் கிடையாது.

அதனால் என் கடையில் ஒரு முறை வைத்திருக்கிறேன். ஃபைலை முதலில் பெட்டிக்குள்ளேயே திறந்து பார்ப்பேன், தேவையென்றால் அங்கிருந்தே பிரிண்ட் கொடுப்பேன். அரசு தளத்தில் ஏற்ற வேண்டியதையும் அதே பெட்டியில் ஓடும் பிரவுசரிலிருந்தே ஏற்றிவிடலாம், வெளியே எடுக்கத் தேவையே இல்லை. ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைத்திருக்கும், எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய் அவை தெரியும்படி செய்துவிடுங்கள். இல்லையென்றால் ‘அடங்கல்.பிடிஎஃப்.எக்ஸ்இ’ என்று வந்த புரோகிராம் ஃபைல் உங்கள் கண்ணுக்கு ‘அடங்கல்.பிடிஎஃப்’ என்றுதான் தெரியும், கூடவே பிடிஎஃப் படத்தையும் ஒட்டி வைத்திருப்பார்கள்.

பென்டிரைவுக்கும் ஒரு வழி உண்டு. ஃபோர்ஸ் ஃபோல்டர் என்ற இடத்தில் பென்டிரைவ் வரும் டிரைவ் எழுத்தைச் சேர்த்தால், அதிலிருந்து கிளம்பும் எந்தப் புரோகிராமும் பெட்டிக்குள்தான் ஓடும். பக்கத்திலேயே ஃபோர்ஸ் புரோகிராம் இருக்கிறது, அதில் பிரவுசரையும் மெயிலையும் சேர்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் டெஸ்க்டாப்பில் சாண்ட்பாக்ஸ் ஷார்ட்கட் மட்டும் வைத்திருப்பது ரொம்பவே பொதுவான தவறு. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தட்டினால் அது அந்த ஷார்ட்கட்டைத் தேடிப் போகாது, வெளியே உள்ள பிரவுசரைத்தான் திறக்கும்.

அப்புறம், சாண்ட்பாக்ஸ் என்றால் உள்ளே உள்ளவர்களுக்கு வெளியே எதுவும் தெரியாது என்று நினைப்பது. அப்படியில்லை. சாதாரணப் பெட்டி எழுதுவதைத்தான் தடுக்கிறது, படிப்பதைத் தடுப்பதில்லை. உங்கள் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் ஊர் மக்களின் ஆதார் ஸ்கேன் குவிந்து கிடந்தால், பெட்டிக்குள் நுழைந்த கெட்ட புரோகிராம் அவற்றைப் படித்து நெட் வழியாக அனுப்பிவிடலாம். நீங்கள் பெட்டியைக் காலி செய்யும்போது அது போய்ச் சேர்ந்திருக்கும். இது எனக்கு உண்மையாகவே பயம் தரும் விஷயம், ஏனென்றால் அந்தக் காகிதங்கள் நம்முடையவை அல்ல, நம்பிக் கொடுத்தவர்களுடையவை. ரிசோர்ஸ் ஆக்சஸ் பக்கத்தில் அந்த ஃபோல்டரை மூடப்பட்டது என்று சேருங்கள், பெட்டிக்குள் இருக்கும் எதற்கும் அது திறக்காது. விண்ணப்பத்துக்கு வேண்டிய அன்றைய நகல்களை மட்டும் வேறு ஃபோல்டரில் வையுங்கள். நெட்வொர்க் பகுதியில் பிரவுசருக்கும் மெயிலுக்கும் மட்டும் இணையம் என்று வையுங்கள். அட்மின் உரிமையைப் பறிக்கும் டிக் செக்யூரிட்டி பக்கத்தில் இருக்கிறது, அதையும் போடுங்கள். இந்த மூன்றும் பத்து நிமிட வேலை.

வங்கி வேலையை மற்ற பிரவுசிங்கோடு ஒரே பெட்டியில் செய்யாதீர்கள். காலையிலிருந்து எதையெதையோ திறந்த பெட்டியில், தட்டும் எழுத்துகளைத் திருடும் கீலாகர் ஒன்று உட்கார்ந்திருந்தால், அதே பெட்டியில் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு அதற்குத் தெரியும். முதலில் உள்ளே ஓடும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், பெட்டியைக் காலி செய்யுங்கள், புதிதாகத் திறந்து நேராக வங்கித் தளத்துக்குப் போங்கள், முடிந்ததும் மூடுங்கள். வங்கிக்கென்று தனிப் பெட்டி வைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அதைத் திறக்கும் முன்பும் மற்ற பெட்டிகளை நிறுத்திவிடுங்கள்.

பழைய பதிப்பைப் போட்டுவிட்டுத் திண்டாடுகிறவர்கள் நிறையப் பேர். சாண்ட்பாக்ஸியை 2004-இல் ரோனன் ட்ஸூர் வெளியிட்டார். பிறகு அது இன்வின்சியா என்ற நிறுவனத்தின் கைக்குப் போய், அங்கிருந்து 2017-இல் சோஃபோஸ் என்ற நிறுவனத்திடம் போனது. சோஃபோஸ் 2019-இல் அதை இலவசமாக்கி, 2020-இல் மூல நிரலையே பொதுவில் திறந்துவிட்டது. இப்போது டேவிட் சனாடோஸ் என்பவர் மூல நிரல் பகிரும் கிட்ஹப் தளத்தில் பராமரித்து வருகிறார், பிளஸ், கிளாசிக் என்று இரண்டு பதிப்புகள் வருகின்றன. ஆனால் தேடினால் சோஃபோஸ் காலத்துப் படங்களோடுதான் பல குறிப்புகள் கிடைக்கும், சில தளங்கள் அந்தக் காலத்துப் பதிப்பையே இன்னும் கொடுக்கின்றன. விண்டோஸும் பிரவுசரும் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய பதிப்பில் குரோம் திறக்காமல் நிற்கும். உடனே எங்கேயோ படித்து ‘நோ சாண்ட்பாக்ஸ்’ என்ற கட்டளையை குரோம் ஷார்ட்கட்டில் சேர்ப்பார்கள். அது குரோமுக்குள் கூகுளே கட்டி வைத்திருக்கும் காவலைக் கழற்றிவிடும். சாண்ட்பாக்ஸியைப் புதுப்பியுங்கள், குரோமின் காவலில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று சின்ன விஷயம், ஆனால் மாதக்கணக்கில் கண்ணில் படாது. பெட்டிக்குள் பிரவுசர் தன்னை அப்டேட் செய்துகொண்டால் அதுவும் பெட்டியோடு அழிந்துபோகும், நாளைக்குத் திரும்பவும் பழைய ஓட்டையுள்ள பிரவுசர்தான். வாரம் ஒரு தடவை ஃபோர்ஸ் புரோகிராமைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு வெளியே திறந்து, எந்தத் தளத்துக்கும் போகாமல், அப்டேட்டை மட்டும் முடித்துவிட்டு மூடுங்கள்.

விண்டோஸோடு வரும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இருக்கும்போது சாண்ட்பாக்ஸி எதற்கு என்று கேட்பார்கள். அது விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பில், 2019-இல் வந்தது. ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் உண்டு, ஹோம் பதிப்பில் கிடையாது. குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும், பயாஸில் விர்ச்சுவலைசேஷன் திறந்திருக்க வேண்டும். அதை மூடியதும் உள்ளே இருந்த அத்தனையும் போய்விடும், அதனால் தினசரி மெயிலுக்கு ஒத்துவராது. ஐப்பசி மழையில் நம் பக்கம் கரண்ட் போகிற போக்கில் யூபிஎஸ் இல்லாவிட்டால் பாதி விண்ணப்பமும் சேர்ந்து போகும். ஆனால் சந்தேகமான ஒரே ஒரு ஃபைலைத் திறந்து பார்க்க அதுபோல் வேறில்லை. அங்கே நடக்கும் தவறு, வெளி ஃபோல்டரை எழுதும் உரிமையோடு உள்ளே இணைப்பது. வெறும் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்து, நெட்டையும் அணைத்துவிட்டுத் திறங்கள்.

எந்தப் பெட்டியும் போலித் தளத்திலிருந்து காப்பாற்றாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விவசாயி உதவித்தொகை நின்றுவிட்டது, இங்கே கேஒய்சி முடியுங்கள் என்று வரும் பக்கத்தில் நீங்களே ஆதார் எண்ணையும் ஓடிபியையும் தட்டிக் கொடுத்தால், அது நீங்கள் கையால் அனுப்பியது. பெட்டி காலியானாலும் பணம் திரும்பாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

எல்லாம் அமைத்த பிறகு சோதித்துப் பார்க்காமல் எழுந்து போவது, மாமா கடையில் நான் செய்த தவறு. இப்போது யாருக்குச் செய்து கொடுத்தாலும் இரண்டு சோதனை செய்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். பெட்டிக்குள் நோட்பேடைத் திறந்து ‘சோதனை’ என்று ஒரு வரி எழுதி டெஸ்க்டாப்பில் சேமிப்பேன். வெளியே எடுக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். நிஜ டெஸ்க்டாப்பில் அது தெரிந்தால் எங்கேயோ வரப்பு வெட்டப்பட்டிருக்கிறது, அனுமதிப் பட்டியலை மறுபடி பார்க்க வேண்டும். அடுத்து மெயிலைப் பெட்டிக்குள் திறந்து அவருக்கே ஒரு மெயில் அனுப்பி, வந்ததும் தண்டர்பேர்டை மூடி, பெட்டியைக் காலி செய்து, நெட்டைக் கழற்றிவிட்டு, ஃபோர்ஸ் புரோகிராமைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, தண்டர்பேர்டை வெளியே திறப்பேன். அந்த மெயில் அங்கே இருந்தால் மடை சரியான இடத்தில் இருக்கிறது. மாமா கடையில் இரண்டாவது தடவை இதைச் செய்தபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்த்தார். மெயில் இருந்தது. “சரி, இப்ப யூரியா பில்லைத் தொற” என்றார்.