மழைக்கு நூல், வெயிலுக்குக் காகிதம்: மலை வீட்டுக் கைவேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பழைய செய்தித்தாளைச் சுருட்டி எட்டுக் கூடை பின்னினேன். சொந்தக்காரர்களுக்குப் பலகாரம் வைத்துக் கொடுக்கலாம் என்று ஆசை. மைதாப் பசை காய்ச்சி, சுருள் சுருளாக ஒட்டி, ஒரு ராத்திரி கூடத்தில் வைத்தேன். காலையில் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரிதான் இருந்தது. தூசி படாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரில் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துக் கவரைப் பிரித்ததும் ஈர மண் வாடை முகத்தில் அடித்தது. கூடைகளின் அடிப்பக்கத்தில், பசை தடித்து நின்ற இடமெல்லாம் சாம்பல் பச்சையில் பூஞ்சணம். எட்டுக் கூடையும் அடுப்புக்குப் போயின.

கைவேலை கற்றுத்தரும் வீடியோக்களில் பெரும்பாலும் சமவெளி வெயில்தான் இருக்கிறது. “அரை மணி நேரம் காயவிடுங்கள்” என்பது மதுரைக்கும் திருச்சிக்கும் சரி. நாங்கள் இருக்கும் குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அந்த அரை மணி நேரத்துக்கு இரண்டு நாள் வேண்டும். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வரும் வீட்டில் சில நாள் அதுவும் போதாது.

மைதாப் பசை பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. காகிதமோ காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துக் கவரில் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியே இல்லை. மேலே காய்ந்திருந்தாலும் உள் அடுக்கு ஈரமாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கூடையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதுதான். ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். விரலுக்குத் தெரியாதது கன்னத்துக்குத் தெரியும். பசையைத் தண்ணீராகக் காய்ச்சி, மெல்லியதாகத் தடவி, ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்ததை ஒட்ட வேண்டும். முடித்த பொருளைக் கவரில் போடாமல் பழைய பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பவர்கள் உண்டு. அது விஷம். குழந்தைகள் கை வைக்கும் வேலைக்கும், தின்பண்டம் வைக்கும் கூடைக்கும் அது வேண்டவே வேண்டாம்.

கடையில் வாங்கும் வெள்ளைப் பசையிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். அது தண்ணீரில் கலந்திருக்கும் மிக நுண்ணிய துகள்கள்தான். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து கண்ணாடி மாதிரி ஒரு படலமாகின்றன. குளிர் அதிகமானால் அவை இணைவதில்லை. காலையில் பார்த்தால் ஒட்டிய இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும், நகத்தால் சுரண்டினால் உதிரும். மார்கழி ராத்திரியில் ஒட்டிய பொருள் பிய்ந்து வந்தால் பசை மட்டம் என்று எண்ணி வேறு பசை வாங்காதீர்கள். பகல் பதினொரு மணிக்கு, வெயில் விழும் ஜன்னலோரம் வைத்து ஒட்டுங்கள். அடுப்புப் பக்கத்தில் வைத்து அவசரமாகக் காயவைத்தால் அட்டை வளைந்துவிடும்.

அந்த எட்டுக் கூடை போனதிலிருந்து என் வீட்டில் ஒரு முறை வைத்திருக்கிறேன். தை முதல் சித்திரை வரை காகிதம், அட்டை, பசை, சாயம். மழைக்காலத்தில் நூலும் ஊசியும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாக இருக்கும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஜூனிலேயே மழை தொடங்கிவிடும் என்பதால் அவர்கள் கணக்கு வேறு. எந்த ஊராக இருந்தாலும், என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன் வானத்தைப் பாருங்கள்.

பழைய ஸ்வெட்டரைப் பிரிப்பது

மலையில் எந்த வீட்டு மரப்பெட்டியைத் திறந்தாலும் சின்னதாகிப்போன ஸ்வெட்டர் நான்காவது கிடைக்கும். பிரித்தால் நூல், நூலிருந்தால் தொப்பி, காலுறை, குழந்தைக்குச் சட்டை. காசே செலவில்லாத கைவேலை இதுதான். ஆனால் இதில் வீணாகும் நூலுக்கும் கணக்கில்லை.

முதல் தவறு, தையலைப் பார்க்காமல் பிரிக்கத் தொடங்குவது. ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பி, பக்கவாட்டுத் தையலைப் பாருங்கள். ஓரத்தில் ஓவர்லாக் (வெட்டிய விளிம்பு பிரியாமல் மெஷினில் சுற்றியடிக்கும் தையல்) அடித்திருந்தால், பெரிய பின்னல் துணியை வெட்டித் தைத்தது என்று அர்த்தம். அதைப் பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் முழங்கை நீளத் துண்டாகத்தான் வரும். அதைத் தலையணைக்குள் அடைக்கலாம், பின்ன முடியாது. ஓரம் சங்கிலி மாதிரி சுத்தமாக இருந்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்து மட்டும் தைத்திருந்தால் நூல் அறாமல் வரும். வென்னீரில் அடித்துத் துவைத்துச் சுருங்கி, கெட்டியாகிப்போன கம்பளியையும் பிரிக்க முடியாது. இழைகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். அதைக் கத்தரித்துச் சூடு பாத்திரம் பிடிக்கும் துணியாகத் தைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கீழேயிருந்து இழுப்பது. பெரும்பாலான ஸ்வெட்டர்கள் இடுப்பில் தொடங்கிக் கழுத்தில் முடியும்படி பின்னப்பட்டவை. முடிந்த இடத்திலிருந்துதான் சுலபமாகப் பிரியும். முதலில் கழுத்துப்பட்டி, பிறகு கைகள், பிறகு பக்கவாட்டுத் தையல் எனத் தனித்தனியாக எடுத்துவிட்டு, மேல் ஓரத்தில் நூல்முனையைத் தேடுங்கள். கிடைத்ததும் வருகிற சத்தமே சந்தோஷம். டிர்ர்ர் என்று வரிசை வரிசையாகக் கழன்று வரும்.

மூன்றாவதுதான் எல்லாரும் செய்வது. பிரித்த நூலை உடனே உருண்டையாகச் சுற்றிப் பின்னத் தொடங்கிவிடுவது. பல வருஷம் கண்ணிக்குள் இருந்த நூல் சேமியா மாதிரி வளைந்து வளைந்து இருக்கும். அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும், துவைத்ததும் சட்டை இஷ்டத்துக்குத் தொங்கும். நாற்காலி முதுகில் பெரிய வளையமாக, அதாவது சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் வேறு நிற நூலால் தளர்வாகக் கட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். கசக்கவும் முறுக்கவும் கூடாது. துண்டில் வைத்து அழுத்தி ஈரம் எடுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். மழையில் மூன்று நாள் ஆகும், பரவாயில்லை. காய்ந்ததும் நூல் நேராக நிற்கும்.

இது கம்பளிக்கு. மலிவாகக் கிடைக்கும் ஸ்வெட்டர்களில் நிறைய அக்ரிலிக். அதன் சுருள் வெறும் தண்ணீருக்கு அவ்வளவாக அசையாது, ஆவி காட்ட வேண்டும். ரொம்பக் காட்டினால் துவண்டு உயிரற்றுப்போகும். எது கம்பளி, எது அக்ரிலிக் என்று தெரியாவிட்டால் ஒரு விரல் நீளம் நூலை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி உருண்டையாகும். இரண்டையும் ஒரே சட்டையில் கலக்காதீர்கள், துவைக்கும்போது ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பேத்திக்குப் பின்னிய அழகான தொப்பி அப்படித்தான் ஒரே துவையலில் கோணிப்போனது. அவர் இரண்டு வாரம் உட்கார்ந்து பின்னியது.

மிச்ச மெழுகுவத்தி

காற்று மழையில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே வழக்கம். அதனால் வீட்டில் துண்டு மெழுகுவத்திகளுக்குக் குறைவில்லை. அவற்றை உருக்கிப் புது மெழுகுவத்தி செய்வது நல்ல வேலைதான். ஆனால் இந்தக் கட்டுரையில் உயிருக்கே ஆபத்தானது இது ஒன்றுதான், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். மெழுகு கொதித்து எச்சரிக்கை செய்யாது. சூடு ஏறி ஏறி, 200 டிகிரியை ஒட்டும்போது அதன் ஆவி தீப்பற்றும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை வையுங்கள், சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது. ஒருவேளை பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் நொடியில் ஆவியாகி எரியும் மெழுகைக் கூரை வரை வீசும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள். அந்த மூடி உருக்கத் தொடங்கும் முன்பே பக்கத்தில் இருக்க வேண்டும்.

உருக்கிய மெழுகைப் பழைய துணியில் வடிகட்டுங்கள். கருகிய திரித் துண்டும் தீக்குச்சியும் உள்ளே கிடந்தால் அவையும் திரியாகி, சுடர் திடீரென்று பெரிதாகும். ஊற்றும் கண்ணாடி டம்ளர் குளிர்ந்திருந்தால் விரிசல் விடும், முதலில் வென்னீரில் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். கொட்டாங்குச்சியில் மெழுகு ஊற்றுவது பார்க்க அழகு. ஆனால் மெழுகு தீரும் தறுவாயில் கொட்டாங்குச்சியே பற்றும். பாதி எரிந்ததும் அணைத்துவிடுங்கள்.

காட்டிலிருந்து வருவது

பைன் காயில் மணி ஒட்டி, தோரணம் கட்டித் தொங்கவிடுவது மலையூர்க் குழந்தைகளுக்குப் பிடித்த வேலை. வெயில் நாளில் மலர்ந்திருக்கும் காயின் இதழ்களில் பாசிமணி ஒட்டிவிட்டு, மிஸ்ட் இறங்கிய மறுநாள் பார்த்தால் மணியெல்லாம் தரையில் கிடக்கும். பசையின் மேல் குற்றமில்லை. மரத்திலிருந்து விழுந்து வருஷமானாலும் பைன் காய் ஈரத்தில் மூடும், காய்ந்தால் விரியும். இதழின் வெளிப்புறம் உட்புறத்தைவிட அதிகமாக ஈரம் குடித்து நீள்வதால் இதழ் உள்பக்கம் வளைகிறது. அந்த அசைவில் ஒட்டியது தெறிக்கிறது. வெயிலில் நன்றாக விரியவிட்டு, உடனே வார்னிஷ் பூசினால் ஈரம் ஏறுவது குறையும். அதைவிட, மணியை ஒட்டாமல் மெல்லிய கம்பியில் கோத்துக் கட்டினால் காய் மூடினாலும் திறந்தாலும் கவலையில்லை.

காயை எங்கே பொறுக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். அரசுக் காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் எதை எடுத்தாலும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சொந்தத் தோட்டத்திலோ, கேட்டுக்கொண்டு தெரிந்தவர் தோட்டத்திலோ பொறுக்குங்கள். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் இலையின் வெள்ளிப் பக்கம், பைன் காய்க்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

தேயிலைச் சக்கையில் துணிக்குச் சாயம் ஏற்றுபவர்கள் இரும்புச் சட்டியைத் தொடாதீர்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் பொன்பழுப்பு வராது, கருஞ்சாம்பல்தான் வரும். அந்த நிறமே வேண்டுமென்றால் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீரை வேண்டுமென்றே சேர்க்கலாம். ஆனால் பல வருஷம் வைத்திருக்க நினைக்கும் காகிதத்தில் அதைப் பூசாதீர்கள், இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து காகிதத்தை அரித்துவிடும். புதுத் துணியாக இருந்தால் கஞ்சி போகத் துவைத்த பிறகே சாயத்தில் போடுங்கள், இல்லையென்றால் திட்டுத் திட்டாக ஏறும்.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூவேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, முன்னே வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் போடும் வேலை அது. 2013ல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பார்த்து வீட்டில் ஊசி பழகுவது வேறு. பழைய துணியில் அந்தக் கோலத்தை அச்சடித்துத் “தோடர் வேலை” என்று விற்பனைக்கு வைப்பது வேறு. பின்னது அந்தப் பெண்களின் உழைப்பையும் பெயரையும் எடுத்துக்கொள்வது. நம் ஊர் ஸ்டால்களில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது.

வெளியே வைக்கும் பொருள்கள்

பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிச் செடித் தொட்டி செய்வதை நான் விட்டுவிட்டேன். உயரம் 1,000 மீட்டர் கூடக்கூட புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. வெயிலில் இரண்டு கோடை இருந்த பாட்டில் தொட்டால் நொறுங்கி, துண்டு துண்டாக மண்ணில் கலந்துவிடும். இதற்காகவே பாட்டில் வாங்குவது இன்னும் மோசம். தெர்மாகோலும் அப்படித்தான், மலைக்காற்றில் பறந்த துண்டைத் திரும்பப் பொறுக்க முடியாது. பள்ளிக்கூடப் ப்ராஜெக்டுக்கு மளிகைக் கடை அட்டைப்பெட்டி போதும்.

செடிக்கு நல்லது தகர டப்பா. அடியில் ஓட்டை போடும்போது உள்ளேயிருந்து வெளியே ஆணி அடியுங்கள். வெளியேயிருந்து அடித்தால் ஓட்டையைச் சுற்றித் தகரம் உள்பக்கம் மேடாகி, அந்த மேட்டளவுக்குத் தண்ணீர் வடியாமல் நின்று வேர் அழுகும். வெட்டிய விளிம்பைக் குறடால் மடித்துவிடுங்கள். எண்ணெய் டப்பாவாக இருந்தால் அவசரமே வேண்டாம். கோயில் விளக்கு எண்ணெயைத் தேடிக் கரடி வரும் ஊர்கள் இவை. லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு டப்பாவை வாசலில் வைத்தாலும் ராத்திரி வந்துவிடும். சாம்பல் போட்டுத் தேய்த்து, வென்னீரில் சோப்புக் கரைத்து இரண்டு தடவை கழுவி, மோந்து பாருங்கள். வாடை இருந்தால் இன்னொரு தடவை கழுவுங்கள். அதன் பிறகு வெளியே வைத்து மண்ணைப் போடுங்கள்.