நாவலைக் காதால் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எனக்கு ஆடியோ புத்தகமெல்லாம் ஒத்து வராதுங்க, கவனம் நிக்க மாட்டேங்குது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, யார் வாசித்ததைக் கேட்டீர்கள் என்பதைத்தான். பலருக்குப் பதில் தெரியாது. நாவலின் பெயர் தெரியும், ஆசிரியர் பெயர் தெரியும், ஆனால் பத்து இருபது மணி நேரம் காதோடு கதை சொல்லப் போகிறவர் யாரென்று பார்த்திருக்கவே மாட்டார்கள். முதல் தவறு அதுதான், மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கிறது.

கட்டுரைப் புத்தகத்துக்குச் சுமாரான குரல் போதும், விஷயம் வந்து சேர்ந்துவிடும். கதையில் அப்படி இல்லை. ஒரு பாத்திரம் "சரி, போ" என்கிறது. அது கோபமா, சலிப்பா, பாசமா என்பதை அச்சில் படிக்கும்போது நாம் முடிவு செய்கிறோம், கேட்கும்போது அந்த முடிவை வாசிப்பவர் எடுத்துவிடுகிறார். நாவல் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான முடிவுகள். அதனால் ஒரு நாவல் பிடிக்கவில்லை என்று ஒதுக்கும் முன், பிடிக்காமல் போனது நாவலா குரலா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

மாதிரி ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் வாங்குகிறேன் என்பவர்களும் முதல் ஒரு நிமிடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் நிமிடத்தில் பெரும்பாலும் வர்ணனைதான் வரும், கொஞ்சம் பயிற்சி இருந்தால் வர்ணனையை யாரும் ஒப்பேற்றிவிடலாம். மூன்று பேர் பேசும் இடத்தில்தான் சாயம் வெளுக்கும். 'பொன்னியின் செல்வன்' முதல் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கு, வீரநாராயண ஏரி, குதிரையில் வந்தியத்தேவன் என்று எல்லாம் அழகாகப் போகும். நீங்கள் சோதிக்க வேண்டியது இரண்டாவது அத்தியாயத்தை. வைணவரான ஆழ்வார்க்கடியான் நம்பி, பட்டை பட்டையாகத் திருநீறு பூசிய சிவபக்தர், காவி கட்டிய அத்வைதி, மூன்று பேரும் கூட்டம் சூழ நின்று வாய்ச்சண்டை போடுகிறார்கள். "என்றார் நம்பி" என்ற சொல் வருவதற்கு முன்பே பேசுவது நம்பிதான் என்று காதுக்குத் தெரிய வேண்டும். கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு பலர் இதை வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் இரண்டு மூன்று குரல்களில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்ல வருவது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

அப்புறம், ஒற்றைக் குரல் வாசிப்பையும் பல குரல் நாடகத்தையும் ஒரே தராசில் வைப்பது. பாம்பே கண்ணன் தயாரித்த 'பொன்னியின் செல்வன்' பல கலைஞர்களும் இசையும் சேர்ந்தது, அதன் சுகம் வேறு. அதைக் கேட்டுப் பழகியவர் ஒற்றைக் குரலுக்கு வந்ததும் "இவர் நடிக்கவே இல்லையே" என்று குறைபட்டுக்கொள்கிறார். தனியாக வாசிப்பவர் நிறைய நடித்தால்தான் ஆபத்து. பெண் பாத்திரம் வந்ததும் குரலை மெல்லியதாக்கிக் கீச்சிடும் ஆண் வாசிப்பாளரிடம் நந்தினியும் குந்தவையும் ஒரே ஆளாகிவிடுவார்கள். தேர்ந்தவர் குரலை அதிகம் மாற்றுவதில்லை. நந்தினிக்கு ஒரு நிதானம், குந்தவைக்கு ஒரு தீர்மானம், எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லுக்கு முன் ஒரு கணம் நிற்கிறார் என்பதிலேயே ஆள் மாறிவிடும். என்னைக் கேட்டால் கீச்சுக் குரலைவிட, வேறுபாடே காட்டாமல் நேராக வாசிப்பது எவ்வளவோ மேல்.

வேகத்தைக் கூட்டுவது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆங்கில ஆடியோ புத்தகங்கள் பொதுவாக நிமிடத்துக்கு 150, 160 சொற்கள் என்ற கணக்கில் ஓடும், அதை ஒன்றரை மடங்காக்கிக் கேட்கிறவர்கள் ஏராளம். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. நீளமான வாக்கியத்தில் யார், எங்கே, எப்படி என்பதையெல்லாம் மனதில் தாங்கிக்கொண்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும், முடிவு வந்ததும் அதை வாங்கிக்கொள்ள ஒரு சின்ன இடைவெளியும் வேண்டும். வேகத்தைக் கூட்டினால் முதலில் சுருங்குவது அந்த இடைவெளிதான். சில செயலிகளில் மௌனத்தைத் தானாகவே வெட்டும் வசதி உண்டு, கதை கேட்கும்போது அதை அணைத்துவிடுங்கள். மரணச் செய்தியைக் கேட்ட பாத்திரம் இரண்டு நொடி பேசாமல் இருப்பதும் கதைதான்.

வட்டார வழக்கைக் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. கி. ராஜநாராயணனின் கரிசல் பேச்சைச் சென்னைச் செய்தி வாசிப்புத் தொனியில் கேட்டால், எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும், ஊர் மட்டும் இருக்காது. அந்த மண்ணின் பேச்சு நாக்கில் இருப்பவர் வாசித்த பதிவு கிடைத்தால், ஒலித்தரம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

தொடர் நாவல்களில் நடுவில் குரல் மாறுவதும் உண்டு, எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில் முதல் நூலுக்கு ராய் டோட்ரிஸ் 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்து கின்னஸ் சாதனை படைத்தார். நான்காம் நூல் முதலில் ஜான் லீ குரலில் வந்தது, பின்னால் டோட்ரிஸே அதை மறுபடி வாசித்துத் தர வேண்டியிருந்தது. மூன்று நூல்கள் பழகிய காது புதுக் குரலுக்கு அவ்வளவு லேசில் இடம் கொடுக்காது.

அதற்காகப் பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. குரல் புதிதாக இருப்பதால் வரும் உறுத்தல் அரை மணி, ஒரு மணி நேரத்தில் போய்விடும். சொல்லைத் தப்பான இடத்தில் பிரிப்பது, கேள்வியையும் பதிலையும் ஒரே ராகத்தில் இழுப்பது மாதிரி கோளாறுகள் மட்டும் கடைசி வரை போகாது, அங்கே தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, புது நாவலைத் தூங்கப் போகும் நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். பெயர்களும் உறவுகளும் முதல் இரண்டு அத்தியாயத்தில்தான் கொட்டும், அதைத் தூக்கக் கலக்கத்தில் விட்டால் பிறகு யார் யாருக்கு மாமன் என்றே தெரியாது. காலை நடையிலோ சமையல் வேலையிலோ தொடங்குங்கள். படுக்கைக்கு ஏற்கெனவே கேட்டு முடித்த கதையை வைத்துக்கொண்டு, 15 நிமிடத்தில் தானாக நிற்கும்படி டைமர் போட்டுவிடுங்கள்.