பிரெஞ்சு இலக்கியமும் சினிமாவும் பயில்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 நிலையை, அதாவது நடுநிலைக்கு மேலான தேர்ச்சியை, எட்டியவர் பல்கலைக்கழகத்தில் இலக்கிய முதுகலைக்குச் சேரும்போது, மொழி கைக்கு வந்துவிட்டது, இனி இலக்கியம்தான் பாக்கி என்று எண்ணுவது இயல்பே. ஆனால் முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது. அன்றாடப் பேச்சில் தலைகாட்டாத 'பாசே சேம்ப்ள்' என்ற இறந்தகால வடிவத்தில்தான் 19ஆம் நூற்றாண்டு நாவல்கள் கதை சொல்கின்றன. 'இல் வி' என்பதை, 'வாழ்' என்னும் வினையின் நிகழ்காலமாகக் கொண்டால் 'அவன் வாழ்கிறான்' என்று பொருள். 'காண்' என்னும் வினையின் பாசே சேம்ப்ளாகக் கொண்டால் 'அவன் கண்டான்' என்று பொருள். எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. இந்த வடிவத்தில் எழுதப் பழக வேண்டியதில்லை. அடிக்கடி வரும் ஒழுங்கற்ற வினைகளின் படர்க்கை வடிவங்களைப் பார்த்தவுடன் அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

இதைவிடப் பெரிய தவறு, நேரமில்லை என்று ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, மேற்கோளுக்கு மட்டும் மூலத்தைத் திறப்பது. நாடகாசிரியர் ராசீன் 1677இல் அரங்கேற்றிய 'ஃபேத்ர்' நாடகத்தின் இரண்டாம் அங்கம், ஐந்தாம் காட்சியை எடுத்துக்கொள்வோம். கணவன் தெசே இறந்துவிட்டதாக நம்பும் அரசி ஃபேத்ர், அவனுடைய மகன் இப்போலித்திடம் தன் காதலை மறைமுகமாகச் சொல்லத் தொடங்குகிறாள். இருவரும் 'வூ' என்று, அதாவது 'நீங்கள்' என்றே பேசிக்கொள்கிறார்கள். தெசே தன் தந்தை என்பதை மறந்துவிட்டீர்களா என்று அவன் அதிர்ந்து கேட்க, தன் மானத்தை அப்படியா மறந்துவிட்டேன் என்று அவள் ஒரு கணம் சமாளிக்கிறாள். தவறாகப் புரிந்துகொண்டேன் என்று வெட்கி அவன் விலகப் போகும்போதுதான், 'கொடியவனே, நீ நன்றாகவே புரிந்துகொண்டாய்' என்ற பொருளில் அவள் வாயிலிருந்து 'த்யூ' வெளிப்படுகிறது. நாடகம் உடையும் இடம் அந்த ஒற்றைச் சொல்தான். எல்லோரையும் 'யூ' என்றே அழைக்கும் இன்றைய ஆங்கிலத்தில் அது காணாமல் போய்விடுகிறது. 'நீங்கள்' திடீரென்று 'நீ'யாக மாறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால், ஆங்கிலத்தின் வழியே இந்தக் காட்சிக்குப் போவது நமக்கு வீண் சுற்று. அதற்காக நம் வீட்டு வழக்கத்தை அப்படியே அங்கே பொருத்திவிடவும் கூடாது. ராசீனின் துன்பியல் நாடகங்களில் காதலர்கள்கூட 'வூ' என்றே பேசிக்கொள்வதுதான் பொதுவழக்கு. ஆகவே 'வூ' வந்தாலே அன்பில்லை என்று எழுதுவதும் பிழையாகும்.

காம்யுவின் 'அந்நியன்' (1942) நாவலிலும் சிக்கல் இதே வகையைச் சேர்ந்தது. அது பாசே சேம்ப்ளை விட்டுவிட்டு, பெரும்பாலும் பேச்சு வழக்கின் இறந்தகால வடிவமான 'பாசே கொம்போசே'யிலேயே நடக்கிறது. அதனால்தான் அதன் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்கின்றன. பிரெஞ்சிலிருந்து நேரடியாக வந்த வெ. ஸ்ரீராமின் தமிழாக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் 'சென்றேன்' என்ற ஒரே தமிழ் வடிவம் இரண்டு பிரெஞ்சு வடிவங்களுக்கும் பொருந்திவிடுவதால், இந்த வேறுபாட்டை மூலத்தில்தான் பார்க்க முடியும். பகுதி ஒன்றைக் கொடுத்து விளக்கம் கேட்கும் தேர்வில், கதையையே வேறு சொற்களில் திரும்பச் சொல்லிவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் எழுத்தாளர் இப்படிச் சொல் வடிவங்களைத் தேர்ந்தெடுப்பதைக் கவனிக்காதவர்கள். உவமை, உருவகம் என்று பட்டியல் போடுவதாலும் மதிப்பெண் ஏறாது.

'பிராங்கோஃபோன்' (சொற்படி 'பிரெஞ்சு பேசும்'; வழக்கில் பிரான்சுக்கு வெளியிலிருந்து வரும் பிரெஞ்சு மொழிப் படைப்புகள்) என்பதைப் பாடத்திட்டத்தின் வால்பகுதியாகக் கருதுவது அடுத்த தவறு. அயர்லாந்தில் பிறந்த நாடகாசிரியர் பெக்கெட் 'பிரெஞ்சு இலக்கிய' அலமாரியில் இருக்கிறார். மார்த்தினிக் தீவில் பிறந்து, பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்து, அத்தீவை 1946இல் பிரான்சின் மாவட்டமாக்கிய சட்டத்தை முன்னெடுத்த கவிஞர் எமே செசேரோ 'பிராங்கோஃபோன்' அலமாரிக்குத் தள்ளப்படுகிறார். 2007இல் 44 எழுத்தாளர்கள் 'லு மோந்த்' நாளிதழில் வெளியிட்ட அறிக்கை இந்தப் பிரிவினையைத்தான் எதிர்த்தது. ஒரு கட்டுரையில் அந்தச் சொல்லைக் கையாளும் முன், அது மொழியைக் குறிக்கிறதா, பிறப்பிடத்தைக் குறிக்கிறதா, நிறத்தைக் குறிக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சினிமாவில் தலைப்பிலேயே வழுக்கிவிழலாம். இயக்குநர் த்ரூஃபோவின் 1959ஆம் ஆண்டுப் படத்தை ஆங்கிலத் தலைப்பை நம்பி 'நானூறு அடிகள்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். செய்யாத சேட்டையெல்லாம் செய்வதைக் குறிக்கும் மரபுத்தொடர்தான் அதன் பிரெஞ்சுத் தலைப்பு. செனகல் நாட்டு உஸ்மான் செம்பேனின் 'லா நுவார் து...' (1966) மூன்று புள்ளிகளோடு முடிகிறது. அந்த 'து' இன்ன ஊரிலிருந்து வந்தவள் என்றும் பொருள்படும், இன்னாருக்கு உரியவள் என்றும் பொருள்படும். 'கறுப்பினப் பெண்' என்று மட்டும் சொல்லும் ஆங்கிலத் தலைப்பில் இரண்டுமே இல்லை. செனகல் தலைநகர் டாக்காரிலிருந்து பிரான்சின் ஆந்தீப் நகருக்கு வேலைக்குப் போகும் தியுவானா முதலாளிகள் முன்னால் ஓரிரு சொற்களுக்குமேல் பேசுவதில்லை, ஆனால் அவள் மனக்குரல் சரளமான பிரெஞ்சில் ஒலிக்கிறது. அந்தக் குரலைக் கொடுத்தவர் ஹெய்ட்டியைச் சேர்ந்த பாடகி தோத்தோ பிசேந்த். கதைச் சுருக்கத்தை மட்டும் எழுதும் மாணவர் இந்த இடைவெளியைக் கடந்துபோய்விடுகிறார்.

பிராங்கோஃபோன் சினிமா என்றால் பிரெஞ்சில்தான் பேசும் என்ற எண்ணத்தையும் செம்பேனே உடைத்தார். தாம் பிரெஞ்சில் எழுதிய குறுநாவலை 1968இல் அவர் 'மந்தபி'யாக செனகலின் வொலோஃப் மொழியில் படமாக்கினார். அதன் நாயகன் இப்ராஹிமா தியெங்குக்குப் பாரிசிலிருந்து சகோதரி மகன் அனுப்பிய பணவிடை வருகிறது. உடன் வந்த கடிதத்தைக்கூடப் பிறர்தான் அவனுக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.